நாவற்குழியில் இருந்து பூநகரிக்கு: பீஎம்மா, பென்ஸா, அவுடியா?

எனக்குச் சொந்தமாக இருப்பது ஒரு பழைய கொரோலா. ஆனால் கலியாண ஓட்டம், கனடாவில் இருந்து வருகிற சொந்தக்காரருக்கு எடுக்கிற வாடகைக் கார் என்று மூன்று ஜேர்மன்காரரும் கைக்கு வந்திருக்கிறார்கள்: பீஎம்டபிள்யூ எஃப்30 318ஐ, பென்ஸ் டபிள்யூ205 சி180, அவுடி ஏ4 பி9 (எஃப்30, டபிள்யூ205, பி9 என்பவை காரின் தலைமுறைக் குறிகள்). மூன்றையும் ஒரே பாதையில் ஓட்டினேன். நாவற்குழிச் சந்தியில் ஏ32 வீதிக்குத் திரும்பி, சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரி. மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது, ஆகவே வேகக் கதை வேண்டாம். வித்தியாசம் 50இலேயே தெரியும்.

318ஐ 1.5 லீற்றர், மூன்றே சிலிண்டர், எஞ்சினும் முன் பொனற்றுக்குள் பின்னுக்குத் தள்ளித்தான் இருக்கிறது. மூக்கில் பாரம் இல்லாததால் ஸ்ரியரிங்கை இரண்டு விரலளவு அசைத்தாலே கார் வளைவுக்குள் போய்விடும். முன்சக்கரம் திரும்புகிறது, பின்சக்கரம் தள்ளுகிறது, ஒன்றின் வேலையில் மற்றது தலையிடாது. பென்ஸும் பின்சக்கர இழுவைதான், ஆனால் திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும், அந்தக் கணம் எனக்கு எரிச்சல், பின்சீற்றில் இருக்கிற மாமிக்குச் சுகம். பாலத்தின் பொருத்தில் ஏறும்போது பீஎம்மின் ரன்ஃபிளாட் ரயர் (காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடுகிற விறைப்பான ரயர்) முதுகில் தட்டிச் சொல்லும், பென்ஸில் சத்தம் மட்டும்தான்.

அவுடி வேறு சாதி. எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம். வளைவில் அக்சிலேற்றரை மிதித்தால் வெளியே போகப் பார்க்கும், காலை எடுத்தால் உள்ளே வரும். மாரி மழையில் நான் பயப்படாமல் ஓட்டியது அதைத்தான்.

ஒரு கலியாணத்துக்குப் பீஎம்மை ஸ்போர்ட் மோட்டில் போட்டு ஓட்டி, கோயில் வாசலில் இறங்கின பொம்பிளை முதலில் கேட்டது தேசிக்காய். பிழை காரில் இல்லை, என் காலில்.

பின்னூட்டங்கள்

வடமராட்சியான்: அண்ணை, நீங்கள் நேர் றோட்டைச் சொல்கிறீர்கள், எங்கள் ஒழுங்கைக்குள் வந்து பாருங்கோ. இரண்டு பக்கமும் மதில், முன்னுக்கு ஓட்டோ. பென்ஸின் முன்சக்கரம் மடிகிற மடிப்புக்குச் சந்தியில் ஒரே வெட்டில் திரும்பலாம். அவுடியில் நான் இரண்டு தரம் றிவேர்ஸ் எடுத்தேன். ஸ்ரியரிங் உணர்ச்சி எல்லாம் மதிலில் உரசாத வரைக்கும்தான்.

கொக்குவில் தம்பி: எஃப்30க்கு முந்தின தலைமுறையான பழைய ஈ90இல் ஒருக்கால் இருந்து பாருங்கோ. அதில் பலவற்றுக்கு எண்ணெய் அமுக்க ஸ்ரியரிங், கை கனக்கும், ஆனால் தாரில் கல் கிடந்தால் உள்ளங்கைக்குத் தெரியும். எஃப்30க்கு மின்சார ஸ்ரியரிங் வந்தபோதே அது குறைந்துவிட்டது. பீஎம் என்றால் அதுதான், மற்றதெல்லாம் சின்னம்.

முதல் எழுதினவன்: தம்பி, ஈ90 மாமா ஒருவரிடம் இருக்கிறது, ஆனால் திறப்புத் தரமாட்டார். கேட்டால், முதலில் உன் கொரோலாவைக் கழுவு என்கிறார்.