ஜூன் மாதம் டல்லாஸில் உலகக் கோப்பை கிச்சன் வேலை என்கிறார் ஏஜென்ட், போனவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி_கமி:

எல்லாருக்கும் வணக்கம். கேட்டரிங் டிப்ளமோ முடித்துவிட்டு குன்னூர் பக்கம் ஒரு ரிசார்ட் கிச்சனில் கமியாக, அதாவது ஜூனியர் சமையல்காரனாக இருக்கிறேன், வீடு கோத்தகிரி. மே சீசன் முடிந்து மழை பிடித்துவிட்டால் எங்களில் பாதிப் பேரைச் சம்பளமில்லாத லீவில் அனுப்பிவிடுவார்கள், மலையில் ஓட்டல் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதில்லை. இந்த 2026இல் சரியாக அந்த நேரத்தில்தான், ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாட்டிலும் கால்பந்து உலகக் கோப்பை நடக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் டல்லாஸ் ஸ்டேடியம் கிச்சனுக்கு ஆள் எடுக்கிறோம் என்று கோவையில் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். மொத்தம் மூன்றரை லட்சம், அதில் ஒரு லட்சம் இப்போதே கட்ட வேண்டும். விசிட் விசாதான். ஒரு மேட்ச் டிக்கெட்டை அவரே எடுத்துத் தருவாராம், டிக்கெட் இருந்தால் விசா இன்டர்வியூ தேதி சீக்கிரம் கிடைக்குமாம், அங்கே போய் இறங்கினதும் வேலையில் சேர்த்துக்கொள்வார்களாம். அம்மா நகையை வைக்கலாம் என்கிறார். நான் இதுவரை விமானமே ஏறியதில்லை, அதனால் எந்த ஏர்போர்ட்டிலிருந்து போவது நல்லது, அவ்வளவு நேரம் எப்படி உட்கார்ந்திருப்பது, என்ன எடுத்துப் போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

வெலிங்டன்வாசி:

தம்பி, பெட்டி கட்டுவதை அப்புறம் பார்க்கலாம். விசிட் விசாவில் போய் சம்பளத்துக்கு வேலை பார்க்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை. சமையல், சர்வீஸ் மாதிரி சீசன் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அங்கே இருக்கும் முதலாளி முதலில் எச்-2பி என்ற விசாவுக்கு அவர்கள் அரசிடம் மனுப் போட வேண்டும், ஒப்புதல் வந்தால் ஐ-797 என்று ஒரு காகிதம் வரும், அதை வைத்துத்தான் நீ இன்டர்வியூவுக்கே போக முடியும். அந்த விசாவில் வேலை பிடித்துக் கொடுத்ததற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கவும் கூடாது. டிக்கெட் வாங்கினவர்களுக்கு இன்டர்வியூ தேதியை முன்னால் கொடுக்கும் ஏற்பாடு நிஜமாகவே இருக்கிறது, உன் ஏஜென்ட் அந்த ஒரு நிஜத்தை வைத்துக்கொண்டுதான் மீதியை ஓட்டுகிறார். டிக்கெட் இருப்பதாலேயே விசா கிடைத்துவிடாது. மேட்ச் பார்க்கப் போகிறேன் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போவது தெரிந்தால் ஆயுளுக்கும் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாதபடி தடை விழலாம். விசா குத்திக் கொடுத்தாலும் இறங்குகிற ஏர்போர்ட்டில் இன்னொரு அதிகாரி கேட்பார், அவருக்குச் சந்தேகம் வந்தால் அடுத்த விமானத்தில் திருப்பி ஏற்றிவிடுவார். நகை மட்டும் அடகுக் கடையிலேயே இருக்கும்.

லுசைல்_ரிட்டர்ன்:

2022 கத்தார் உலகக் கோப்பைக்குச் சமையல் வேலைக்குப் போனவன் நான், ஊர் அருவங்காடு. மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி, நான் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். இந்த மாதிரிப் பெரிய போட்டியில் தட்டு கழுவுகிறவருக்கும் அக்ரெடிடேஷன் கார்டு உண்டு. போட்டோ, பாஸ்போர்ட் விவரம் எல்லாம் முன்கூட்டியே வாங்கிச் சரிபார்த்துத்தான் கார்டு வரும், எந்த ஏரியா வரைக்கும் நீ போகலாம் என்பதும் அதிலேயே போட்டிருக்கும், கார்டு இல்லாவிட்டால் கேட்டுக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார்கள். அதனால் "இறங்கினதும் சேர்த்துவிடுவோம்" என்பவருக்கு ஸ்டேடியம் வேலை எப்படி நடக்கும் என்றே தெரியாது, இல்லை நன்றாகத் தெரிந்தே உன்னை வேறு எங்கோ கொண்டுபோய் விடப்போகிறார்.

எனக்கு நடந்த முறை வேறு. கத்தார் விசா சென்டர் இங்கேயே சென்னை, கொச்சியில் இருக்கிறது, மெடிக்கல், கைரேகை, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து எல்லாம் கிளம்புவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும், என்ன சம்பளம் என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து போட்டேன். அங்கே குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1000 ரியால், தங்க இடமும் சாப்பாடும் கம்பெனி தராவிட்டால் அதற்கு 500, 300 தனி.

வேலையும் நீ நினைக்கிற மாதிரி இருக்காது. முதல் ரவுண்டில் மதியம் 1 மணி, 4, 7, இரவு 10 என்று ஒரே நாளில் நாலு மேட்ச், பெரிய கிச்சனில் சமைத்து, உடனே குளிர வைத்து, வண்டியில் ஸ்டேடியத்துக்கு அனுப்பி அங்கே சூடாக்குவோம். என் கையில் கரண்டி இருந்ததைவிட தெர்மாமீட்டர் இருந்த நேரம் அதிகம். ஒவ்வொரு ட்ரேயிலும் ஊசியைக் குத்தி, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே, சூடானது 63க்கு மேலே இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் நேரத்தோடு எழுத வேண்டும், ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த ட்ரே முழுக்கக் குப்பைக்குப் போகும், பிரியாணியாக இருந்தாலும். ஸ்டேடியத்துக்கு அனுப்பும் நாளில் மேட்ச் பார்த்தேனா என்று கேட்காதே. முதலில் கூரை அதிர்கிற மாதிரி சத்தம் வரும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஸ்டோர் ரூம் டிவியில் கோல் விழும், அர்ஜென்டினா ஆடினால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம்.

கூடலூர்_சில்வர்ஓக்:

வழி கேட்டிருக்கிறாயே, எந்த நாட்டுக்குப் போனாலும் உதவும் என்பதால் சொல்கிறேன். கோத்தகிரிக்காரருக்குக் கோவைதான் பக்கம், மேட்டுப்பாளையம் இறங்கினால் போதும், ஆனால் கோவையிலிருந்து வெளிநாட்டுக்கு விமானங்கள் குறைவு. எங்களுக்குக் கூடலூரிலிருந்து நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியாகக் கரிப்பூர், அதாவது கோழிக்கோடு ஏர்போர்ட், சுலபம், அங்கே வளைகுடா விமானங்கள் நிறைய. பெங்களூரு என்றால் பந்திப்பூர் ரோடு இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை மறந்துவிட்டு டிக்கெட் போடாதே, ராத்திரி விமானம்தானே என்று மசினகுடியில் நின்றுகொண்டிருப்பாய். மழைக் காலத்தில் எந்த வழியானாலும் ஒரு நாள் முன்னாலேயே மலையை விட்டு இறங்கிவிடு, குன்னூர் மலைப்பாதையில் புர்லியார் பக்கம் ஒரு மரம் விழுந்தால் போதும், ரோடு அடைந்துவிடும். தோஹாவிலிருந்தோ துபாயிலிருந்தோ டல்லாஸ் கிட்டத்தட்ட 16 மணி நேரம், ஓரத்து சீட் கேட்டு வாங்கி அப்பப்போ எழுந்து நட. கால் வீங்கும், ஷூவைக் கழற்றினால் திரும்பப் போடுவது கஷ்டம், பழைய செருப்பு ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

கோத்தகிரி_கமி:

அண்ணன்களுக்கு நன்றி. ஐ-797 இருக்கிறதா என்று ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன், "அதெல்லாம் ஏர்போர்ட்டில் தருவோம்" என்று பதில் வந்தது, அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. பணம் இன்னும் கட்டவில்லை. என் ஒரிஜினல் பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது.

வெலிங்டன்வாசி:

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, ஏஜென்ட் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. நாளைக்கே நேரில் போய்க் கேள், தரமாட்டேன் என்றால் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கு. அப்படியே வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவர் பெயர் லைசென்ஸ் உள்ளவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார். லைசென்ஸ் இருக்கிறவர்கள்கூட நம் நாட்டுச் சட்டப்படி பொதுவாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், மூன்றரை லட்சம் எந்தக் கணக்கிலும் வராது.

லுசைல்_ரிட்டர்ன்:

தனியாகப் போகாதே. வியாழக்கிழமை நான் கடைச் சரக்கு எடுக்கக் கோவை வருகிறேன், காலை 10 மணிக்குள் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன். பாஸ்போர்ட்டை வாங்கின பிறகு கத்தார், சவுதி எது வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசலாம்.