பஞ்சு போல இறங்கிய பிரேக் பெடல்

தருமபுரியில் ஒரு பணிமனையில் என் பழைய காரின் பின்பக்க இடது வீல் சிலிண்டரை (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தின் பிரேக்கை இயக்கும் பகுதி) மாற்றிய மறுநாள், குடும்பத்தோடு சேலத்திற்குப் புறப்பட்டேன். நல்லம்பள்ளியைத் தாண்டும்போது பிரேக்கை மிதித்தால், பெடல் பஞ்சுக்குள் புதைவதுபோல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. உடனே மறுபடியும் மிதித்தபோதுதான் கெட்டியாக நின்றது. அடுத்து வருவது தொப்பூர் கணவாயின் இறக்கம். வண்டியைத் திருப்பி, இரண்டாம் கியரிலேயே வீடு வந்து சேர்ந்தேன்.

பிரேக் ஆயில் அழுத்தத்தில் சுருங்காது என்பதால்தான் காலின் விசை சக்கரம் வரை போய்ச் சேருகிறது. குழாயில் காற்று புகுந்துவிட்டால், அந்த விசை காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். சிலிண்டரை மாற்றியவர்கள் காற்றை முழுமையாக எடுக்கவில்லை என்று சந்தேகித்தேன்.

அன்று மாலை அக்காள் மகனை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்திவிட்டு நானே வேலையில் இறங்கினேன். என் வண்டியின் கையேட்டின்படி, பெடல் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின் இடது சக்கரத்தில்தான் தொடங்க வேண்டும். காற்றை வெளியேற்றுவதற்கென அங்குள்ள சிறு திருகான நிப்பிளில் ஒளிபுகும் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயில் ஊற்றிய புட்டிக்குள் மூழ்க வைத்தேன். அவன் "மிதிச்சிட்டேன் மாமா" என்றதும் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துவேன். இறுக்கிய பிறகே காலை எடுக்கச் சொல்வேன். இந்த வரிசை ஒருமுறை பிசகினாலும் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே இழுக்கப்படும். முதலில் டிகாஷன் நிறத்தில் நுரையும், பிறகு கடுகளவு குமிழ்களும், ஒருவழியாகத் தெளிந்த இளமஞ்சள் ஆயிலும் வந்தன.

ஆனால் மூன்றாவது சக்கரத்தின்போது மேலே உள்ள ஆயில் தொட்டியைக் கவனிக்கத் தவறிவிட்டேன். அது வற்றி, அந்த வழியாகவே புதுக் காற்று இறங்கிவிட்டதால், நான்கு சக்கரங்களுக்கும் மீண்டும் முதலிலிருந்து செய்ய நேர்ந்தது. அதன்பின் ஐந்து மிதிக்கு ஒருமுறை எழுந்து போய் ஆயில் ஊற்றினேன். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள சில வண்டிகளில் அதனுள்ளே தங்கும் காற்றை எடுக்க, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் தேவைப்படும். அவற்றில் தயவுசெய்து இப்படி முயல வேண்டாம்.

ஆயில் விஷயத்திலும் கண்டிப்பாக இருங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி அந்த ஆயில் கொதித்தால், குழாயில் ஆவி உண்டாகி பெடல் மீண்டும் பஞ்சாகிவிடும். ஆகவே, திறந்து நாளான டப்பாவை நான் பயன்படுத்தவில்லை.

இரண்டு நாள் உள்ளூரில் ஓட்டிப் பார்த்து, நான்கு நிப்பிள்களிலும் கசிவில்லை என்று உறுதிசெய்த பிறகே தொப்பூரில் இறங்கினேன். ஒவ்வொரு மிதிக்கும் பெடல் அதே உயரத்தில் நின்றது.