ரேஷன் அரிசி வாங்குறவுக பயிற்சிக்கு வந்தே ஆகணுமா?

கேணிக்கரை டைகர்: நேத்து ஒருத்தர் இங்க "ரேஷன் அரிசி எங்க உரிமை"னு அளந்துருந்தாரு. பத்திக்கிட்டு வருது. அமெரிக்காவுல ஸ்நாப்னு உணவு உதவித் திட்டம். பிள்ளைகுட்டி இல்லாத, உடம்புல தெம்பிருக்க ஆளு மாசம் 80 மணி நேரம் வேலையோ தொழிற்பயிற்சியோ காட்டணும். இல்லாட்டி 3 வருசத்துக்கு 3 மாசந்தான் உதவி. 1996லயே சட்டம் போட்டுட்டான். இங்க 2011லருந்து ஓசி அரிசி. கிழிஞ்ச வலையப் பொத்தக்கூட ஆள் சிக்கல. இங்கயும் தொழிற்பயிற்சிக்கு வந்தாத்தான் அரிசின்னு வைக்கணும்.

பாம்பன் அலை: அளந்தது நான்தான். பேரச் சொல்ல வாய் கூசுதோ? 80 மணி நேரமாம்ல! எங்க பக்கத்துப் பொம்பளைக அமாவாசைக்கு 6 நாள், பௌர்ணமிக்கு 6 நாள் கடல்பாசிக்கு முங்குறாக. விரல்ல துணியச் சுத்திக்கிட்டு, கால்ல தகரத்தக் கட்டிக்கிட்டு, மூச்சடக்கி பாறையிலருந்து மரிக்கொழுந்துப் பாசியப் பிச்செடுக்கணும். நாளுக்கு ஆறேழு மணி நேரம். கூட்டிப் பாருங்க.

கேணிக்கரை டைகர்: 12 நாள், 6 மணி நேரம். 72. எட்டு குறையுது.

பாம்பன் அலை: 7 மணி நேரம்னா 84. கரையில காயப் போடுறது யார் கணக்கு?

தொண்டி மாப்ள: வாய்ப்பாடு போதும்ணே. பயிற்சி பிரயோசனமாங்கிறதப் பேசுங்க. பெப்சிப் பாசிக்கு, அதான் பெப்சி கம்பெனி இங்க வளக்க வச்ச கடல்பாசிக்கு, மூங்கில் மிதவை கட்டச் சொல்லிக் குடுத்தாக. 45 நாள்ல அறுவடை. எங்க அத்தை நாலு காசு பாத்துச்சு. அப்புறம் தண்ணி சூடேறி பாசி அழுகிருச்சு.

பாம்பன் அலை: அதுக்கும் 84க்கும் என்ன சம்பந்தம் தம்பி?

கேணிக்கரை டைகர்: மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 8000 நிவாரணம் வேற. அப்பவாச்சும் வந்து படிக்கலாம்ல?

பாம்பன் அலை: தடை விசைப்படகுக்கு. நாட்டுப்படகு போய்க்கிட்டுத்தான் இருக்கு. கடலப் புதுப் பாலத்துல ரயில்ல போறப்ப மட்டும் எட்டிப் பாத்தா இப்புடித்தான். 84க்குப் பதில் எங்க?

மண்டபம் மாமா: எங்க வீட்டுக்காரி தையல் பயிற்சிக்குப் போனா. சர்டிபிகேட் சுவத்துல தொங்குது. மிஷின் வாங்கத்தான் காசில்ல.

கேணிக்கரை டைகர்: ரேஷன் அரிசியக் கோழிக்குப் போடுற வீடுதான மாமா உங்களது?

மண்டபம் மாமா: அந்தக் கோழியத்தானய்யா உங்க வீட்டு விசேசத்துக்குப் பிடிச்சுட்டுப் போனீக!

பாம்பன் அலை: 84, டைகர்.

கேணிக்கரை டைகர்: 72.

மண்டபம் மாமா: என்னமோ போட்டுத் தொலைங்க. கோழிக்காசு எப்ப வரும்?