மாதுளைத் தோல் சாறு: செல் இல்லாத குழியிலும் எம்டிடி ஊதா ஆகிறது

கீமோதெரபியால் குடலுக்கு வரும் பாதிப்பை மாதுளைத் தோல் சாறு குறைக்கிறதா என்று ஐஇசி-6 எலிக் குடல் செல்களில் பார்க்கிறோம். எம்டிடி (உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவதை வைத்து அளக்கும் சோதனை) முடிவு நம்பும்படி இல்லை.

96 குழித் தட்டு, குழிக்கு 5,000 செல். 24 மணி நேரம் ஒட்டவிட்டு முதலில் சாறு, 2 மணி கழித்து 10 மைக்ரோமோலார் 5-ஃப்ளூரோயுராசில் (கீமோதெரபி மருந்து), பிறகு 48 மணி நேரம். சாறு 70% எத்தனாலில் எடுத்து உலர்த்தியது. கரைப்பானான டிஎம்எஸ்ஓ எந்தக் குழியிலும் 0.1% தாண்டவில்லை.

மில்லிக்கு 100 மைக்ரோகிராம் சாறு போட்டால் மருந்தே கொடுக்காததுபோல் அளவு வருகிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பாதி செல்கள் உருண்டு மிதக்கின்றன! செல்லே போடாத குழியும் ஊதா. சாற்றிலுள்ள பாலிபீனால் செல்லின் உதவியின்றி எம்டிடி சாயத்தை நேரடியாக வேதி ஒடுக்கம் செய்து ஊதாவாக்குகிறது, அதுவரை புரிகிறது.

செல் இல்லாத குழியின் அளவைக் கழித்துப் பார்த்தோம், சரிவரவில்லை. பிபிஎஸ் உப்புக் கரைசலில் இருமுறை கழுவினால் நிறம் போகிறது, கூடவே தளர்ந்த செல்லும் போய்விடுகிறது. செல் புரதத்துக்குச் சாயமேற்றி அளக்கும் எஸ்ஆர்பியில், டேனினோடு (சாற்றிலுள்ள ஒருவகைப் பாலிபீனால்) படிந்த சீரம் புரதமும் சாயம் ஏற்கிறது. செத்த செல்லிலிருந்து கசியும் எல்டிஹெச் நொதியை அளக்கலாம், ஆனால் அதை டேனினே முடக்கக்கூடும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

டேனின் மிகுந்த சாறு உள்ள குழியில், கழுவாமலே உயிருள்ள செல்லை அளக்க எந்த முறை உங்களுக்குச் சரியாக வந்தது?