இந்த ரயில் எஞ்சின் அட்டை எந்தக் கம்பெனியுடையது?

வணக்கம். அமெரிக்கத் தபால் அட்டை, 4-6-2 (முன்னால் 4, நடுவில் 6, பின்னால் 2 சக்கரங்கள்) நீராவி எஞ்சினின் பக்கவாட்டுப் படம். பத்து மடங்கு லென்ஸில் அச்சுப் புள்ளிகள் தெரியவில்லை. அசல் புகைப்பட அட்டைதான். பின்பக்கம் நடுவில் கோடு இருக்கிறது. செய்தியையும் முகவரியையும் ஒரே பக்கத்தில் எழுத அங்கே அனுமதி வந்தது 1907 மார்ச்சில், எனவே அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு குறைவு. தபால்தலைக் கட்டத்தில் 'அசோ' (AZO) என்ற புகைப்படத் தாளின் பெயர், நான்கு மூலையிலும் மேல்நோக்கிய முக்கோணங்கள். சேகரிப்பாளர்கள் இதை 1904–1918 என்று வைப்பார்கள். ஆனால் அது தாளின் வயதுதான். படம் அதைவிடப் பழைய நெகட்டிவாக இருக்கலாம். அஞ்சல் முத்திரை கிடையாது.

சிக்கல் டெண்டரில், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருளும் தண்ணீரும் ஏற்றும் வண்டியில். கம்பெனிப் பெயர் நிழலில் மறைந்துவிட்டது, கேபின் எண் மட்டும் தெளிவு. ஒரே எண்ணைப் பல கம்பெனிகள் வைத்திருந்ததால் எண் மட்டும் போதாது. வால்ஷார்ட்ஸ் வால்வு கியர் (சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வை இயக்கும் அமைப்பு), ஹெட்லைட் இருக்கும் இடம், கொதிகலன் மேலுள்ள டோம்களின் வரிசை இவற்றைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா? முன்பக்கத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று: பின்னால் கறுப்பு ஆல்பத் தாள் ஒட்டியிருக்கிறது, அடியில் பேனா எழுத்து இருக்கலாம். தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லாதீர்கள், படத்தின் ஜெலட்டின் படலம் வீங்கும், மை பரவும். மெத்தில் செல்லுலோஸ் (தண்ணீரில் கரையும் மென்மையான பசை) கூழ் தடவி எடுத்தவர்கள் எவ்வளவு கெட்டியாகக் கரைத்தீர்கள், எத்தனை நிமிடம் விட்டீர்கள்?