படி 2 சார்பின் ஹோமோடோபி இழை: 5-கோளத்தில் தடுமாறுகிறேன், உதவுங்கள்

நண்பர்களே, 3-கோளத்திலிருந்து (நாற்பரிமாண வெளியிலுள்ள அலகுக் கோளம்) அதற்கே செல்லும் படி 2 சார்பின் (கோளத்தை இருமுறை சுற்றும் சார்பு) ஹோமோடோபி இழையைக் (ஒரு நிலைப்புள்ளிக்குப் போகும் பாதைகளோடு சேர்த்து எண்ணப்படும் முன்பிம்பம்) கணக்கிட்டேன். செர் ஸ்பெக்ட்ரல் தொடரில் (ஹோமாலஜியைப் படிப்படியாகக் கணிக்கும் கருவி) ஒவ்வொரு வகையீடும் 2 ஆல் பெருக்கல்தான். ஆகவே பரிமாணம் 2, 4, 6 என எல்லா இரட்டைப் பரிமாணங்களிலும் ஹோமாலஜி (வெளியின் துளைகளை அளக்கும் குலம்) இரண்டு உறுப்புகள் கொண்ட குலம் (group). ஒற்றைப் பரிமாணங்களில் பூச்சியம். இதுவரை சுகம்.

3-கோளம் ஒரு குலம் என்பதால் இச்சார்பு எல்லா ஹோமோடோபி குலங்களிலும் (கோளங்களிலிருந்து வரும் சார்புகளை வகைப்படுத்தும் குலங்கள்) 2 ஆல் பெருக்குகிறது. இழையின் ஹோமோடோபி குலங்களைக் கோளத்தினுடையவற்றோடு இணைக்கும் நீள் துல்லியத் தொடர் தானாகவே அவிழ்கிறது. 5-கோளத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே 2 ஆல் பெருக்கலோடு, ஹாப்ஃப் மாற்றமிலியும் (Hopf invariant) ஒயிட்ஹெட் பெருக்கலும் (இரு ஹோமோடோபி உறுப்புகளிலிருந்து புதியதொன்றைத் தரும் செயல்) சேர்ந்து ஒரு கூடுதல் உறுப்பாக (term) வந்து நிற்கிறது. (இதைக் கவனிக்காமல் இரண்டு பக்கம் எழுதி அடித்தேன்!)

அந்தக் கூடுதல் உறுப்பு பூச்சியமாகாத முதல் ஹோமோடோபி குலம் எது? கையால் கணக்கிட வழியுண்டா? ஒரு குறிப்புக் கொடுத்தாலும் போதும்.