டூன் நாவல் படித்தவர்களுக்கு: சானியின் முடிவை மாற்றியது சரியா?

தலைகீழ்வாசகன்

டூன் படத்தின் இரண்டாம் பாகத்தை 2024-லேயே பார்த்துவிட்டேன், நாவலை இப்போதுதான் முடித்தேன். முடித்ததிலிருந்து ஒரே குழப்பம். படத்தில் கதாநாயகன் பால் பேரரசரின் மகளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னதும் அவன் காதலி சானி மண்டியிடாமல் விறுவிறுவென்று வெளியே போய் ஏறிப் போக ராட்சத மணல்புழுவுக்காகக் காத்து நிற்பாளே, எனக்குப் படமே அதுதான். நாவலிலோ அவள் பால் பக்கத்திலேயே இருக்கிறாள், வரலாறு நம்மைத்தான் மனைவி என்று சொல்லும் என பாலின் அம்மா ஜெசிகா அவளைத் தேற்றுவதோடு கதை முடிகிறது. இவ்வளவு பெரிய இடத்தில் கை வைக்கலாமா? இல்லை, படத்தை முதலில் பார்த்து நான்தான் கெட்டுப்போனேனா?

பழையபக்கம்

கை வைத்ததால்தான் படம் தப்பித்தது. 1965-ல் ஹெர்பர்ட் இந்த நாவலை எழுதியதே இந்த மாதிரி ரட்சகர்களை நம்பாதீர்கள் என்பதற்காகத்தான், ஆனால் பலர் பாலை ஹீரோ ஆக்கிவிட்டார்கள். 1969-ல் வந்த அடுத்த நாவலான டூன் மெசையாவில் தன்னால் 6,100 கோடி பேர் செத்ததாக அவனே கணக்குச் சொல்வான். நாவலில் அந்தப் பயமெல்லாம் அவன் மண்டைக்குள் ஓடுகிறது, பக்கம் பக்கமாக. கேமரா அங்கே போக முடியாதே, அதனால் அந்தச் சந்தேகத்தை வெளியே எடுத்து சானியின் முகத்தில் வைத்துவிட்டார் இயக்குநர் வில்னெவ்.

எனக்கு மனசு ஆறாதது பாலின் தங்கை ஆலியா விஷயம்தான். நாவலில் அந்தக் குட்டிப் பெண்தான் தாத்தா பாரனை விஷ ஊசியால் குத்திக் கொல்வாள், 1984 படத்தில்கூட அது இருந்தது. இதில் பாவம், அம்மா வயிற்றுக்குள்ளிருந்தே பேசிக்கொண்டிருக்கிறாள். கிழவி மாதிரி பேசும் குழந்தையைத் திரையில் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று பயந்திருப்பார்கள். சரி, விடுங்கள்.

மூன்றாம்சூரியன்

மாற்றாமல் எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு த்ரீ பாடி என்ற சீன அறிவியல் புனைகதை நாவல் இருக்கிறது. 2023-ல் வந்த சீனத் தொடர் 30 எபிசோட், கதையை அப்படியே பின்தொடரும், நான் பாதியில் தூங்கிவிட்டேன். நெட்ஃபிளிக்ஸ் எட்டே எபிசோடில் முடித்தது, நாவலின் வாங் மியாவ் என்ற விஞ்ஞானியின் இடத்தில் ஐந்து நண்பர்களை வைத்தது, அதற்கு விழுந்த திட்டு கொஞ்சமில்லை. ஆனால் மகள் கண்ணெதிரே பேராசிரியரை மேடையில் அடித்தே கொல்லும் கலாச்சாரப் புரட்சிக் காட்சியைப் பாருங்கள். சீனப் புத்தகத்தில் அது நடுவில் ஒளிந்திருந்தது, ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆசிரியர் முதலில் நினைத்தபடி முன்னுக்கு வந்தது. நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஆரம்பிப்பதே அதில்தான், சீனத் தொடர் அதை அடக்கி வாசித்தது. இதில் யார் மூலத்துக்கு விசுவாசம்?

கண்டபடிபார்ப்பவன்

எல்லா மாற்றத்துக்கும் கை தட்டாதீர்கள். அசிமோவின் ஃபவுண்டேஷன் நாவல்களில் தனி மனிதர்கள் முக்கியமில்லை, கூட்டத்தைத்தான் கணக்கிட முடியும் என்பதுதான் அடிப்படை. அதை வைத்து எடுத்த டிவி தொடரிலோ ஆளாளுக்கு அபூர்வ சக்தி. கடுப்பாக இருந்தது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், ஒரே பேரரசனைக் குளோன் செய்து சிறுவன், நடுவயதுக்காரன், கிழவன் என மூன்று பேராக உட்கார வைத்தார்களே, புத்தகத்தில் இல்லவே இல்லாத அதற்காகத்தான் இன்னும் பார்க்கிறேன்.

தலைகீழ்வாசகன்

பழையபக்கம் சொன்ன பிறகு கடைசிப் பத்து நிமிடத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். படத்தின் கடைசி ஷாட்டே அவள் முகம்தான், இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? மெசையா ஆர்டர் போட்டாச்சு. இனிமேல் யாரும் கதையைச் சொல்லாதீர்கள், 6,100 கோடியை ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள்.